பதுளை மாற்கு ஆலயமும் கல்லில் ஏறாத பெயர்களும்



பதுளையில் படித்த நாம் எல்லோரும் கடந்து நடந்த கட்டிடம் பரிசுத்த மாற்கு ஆலயம். 1857இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அங்கிலிக்கன் கோயில் அது. இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய பங்குக் கோயில்களில் ஊர்ப் பிரபுக்களின் நினைவுக் கற்களைச் சுவரில் பதிப்பது வழக்கம். மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் அந்த வழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். நம் ஊரில் கோயில் முழுவதுமே ஒருவருடைய நினைவாக எழுந்தது.

அவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. ஊவாவில் பாதைகள் போட்டவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் பாவம் சும்மா விடவில்லை என்று ஊரில் இன்றும் கதை உண்டு.

எல்லா வகுப்பைச் சேர்ந்த நண்பர்களும் அயலவர்களும் சேர்ந்து இக்கோயிலை எழுப்பினார்கள் என்கிறது உள்ளே இருக்கும் கல். எழுதப்பட்டிருக்கும் பெயரோ ஒன்றுதான். அந்தக் காலத்தில்தான் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல் இல்லை. பின்னர் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பெயர்கள் செக்ரோலில் மட்டும் இருந்தன.

பெயர் எழுத்தில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் குடும்பங்கள் அனுபவித்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் அத்தாட்சி ஏது? 1964 ஒப்பந்தத்தால் நம் வகுப்புத் தோழிகளின் குடும்பங்கள் பல கப்பலேறின. நாடற்று எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே, சகோதரிகளே, நூற்றாண்டை முன்னிட்டு ஒன்று செய்வோம். ஒவ்வொருவரும் தங்கள் அம்மாயி, அப்பாயி பெயரையும், பிறந்த தோட்டத்தின், டிவிஷனின் பெயரையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவோம். கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் நம்மைப் பள்ளிக்கு அனுப்பாதிருந்தால் இந்தச் சங்கமே இல்லை. அந்தப் பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதி, நம் நூலகத்தில் வைப்போம். கேட்க இன்னும் சில பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.