வண்ண மீன்களில் வெண்புள்ளி நோய்



கொல்லையில் நான்கைந்து சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, மாலி, கப்பி, தங்கமீன், கோய்க் கெண்டை, ஏஞ்சல் முதலிய வண்ண மீன்களைப் பெருக்கிச் சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளுக்கு அனுப்பி வருவோர் உங்களில் பலர் உண்டு. ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து தைப் பனி விலகும்வரை இத்தொட்டிகளுக்கு வரும் பெரிய தொல்லை வெண்புள்ளி நோய். கவனியாமல் விட்டால் ஒரே வாரத்தில் ஒரு தொட்டி மீன் முழுவதும் மடிந்துவிடும். (இறாலுக்கு வரும் வெண்புள்ளி நோய் வேறு. அது வைரஸ் நோய். பெயர்தான் ஒன்று.)

இந்நோயை உண்டாக்குவது இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1876-இல் பிரெஞ்சு அறிஞர் பூக்கே இதற்கு இப்பெயரை இட்டார். 'ஏராளமான பிள்ளைகளைப் பெறும் மீன்பேன்' என்பது இதன் பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது சற்று நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

நோய் கண்ட மீன் முதலில் தொட்டிச் சுவரிலும் தரையிலும் உடம்பைத் தேய்க்கும். துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும். இரை எடுக்காது. காற்றுக்குமிழி வரும் இடத்தில் கூடி நின்று மூச்சு வாங்கும். பிறகு உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். சில சமயம் ஒட்டுண்ணி செவுளை மட்டும் தாக்குவதுண்டு. அப்போது உடலில் ஒரு புள்ளியும் இல்லாமலே மீன் சாகும். சந்தேகமிருந்தால் செவுளிலிருந்து சிறிது சளியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். குதிரை லாட வடிவில் உட்கரு கொண்ட உருண்டை ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால் நோய் இதுவேதான். தங்கமீன் கிடாக்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் வரிசையாக வெள்ளை முட்கள் எழும்பும். அதை நோயென்று எண்ணி மருந்து ஊற்றிவிடாதீர்கள்!

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். நீங்கள் காணும் வெண்புள்ளி மீனின் மேல் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஒட்டுண்ணி. தோல் அதற்குக் கூரையாக இருப்பதால் தண்ணீரில் ஊற்றும் மருந்து அதை எட்டாது. முற்றியதும் அது தோலைவிட்டு வெளியேறித் தொட்டியின் அடியிலோ, சுவரிலோ, செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிளந்து நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் வரையில் குஞ்சுகளாகும். இந்த உறையையும் மருந்து எளிதில் துளைக்காது. உறை வெடித்துக் குஞ்சுகள் நீந்தி வருகின்றனவே, அந்தப் பருவத்தில்தான் அவை மருந்துக்கு மடியும். இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும்.

இந்த முழுச் சுற்றும் 25 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் 3 முதல் 6 நாட்களில் முடிகிறது. நீர் குளிரக் குளிர நாள் நீளும். 15 டிகிரியில் ஏறத்தாழ 10 நாள் ஆகும்.

மருந்திட்ட இரண்டாம் நாள் மீனின் உடம்பில் புள்ளி மறைகிறது. 'நோய் போயிற்று' என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அது போகவில்லை. குட்டி போட அடிக்கு இறங்கியிருக்கிறது. நாலைந்து நாளில் முன்னைவிடப் பல மடங்கு புள்ளிகளோடு மீன் நிற்கும். மருந்து கெட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பழி வேறு! ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக.

எதை இடுவது? சிறு தொட்டிகளுக்கு நான் முதலில் சொல்வது கல் உப்பைத்தான். அதற்குமுன் தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். கண் மதிப்பு உதவாது. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி தண்ணீர் உள்ள தொட்டி 100 கன அடி. அதாவது 2,830 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் இதற்கு எட்டரைக் கிலோ உப்பு வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாள் முழுவதும் பரவலாக ஊற்றுங்கள். மாலிக்கு உப்பு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். செதிலில்லாத கெளுத்தி வகைகளுக்குப் பாதியளவே போதும். பாதித் தண்ணீரை மாற்றினால் புதிய தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். வெயிலில் வற்றிய தண்ணீரை ஈடுகட்டும்போது உப்புச் சேர்க்கக்கூடாது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது.

நோய் முற்றியிருந்தால் பார்மலின் இடலாம். அளவு 1,000 லிட்டருக்கு 25 மில்லி. மேற்சொன்ன தொட்டிக்கு ஏறக்குறைய 70 மில்லி. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று முறை. ஒவ்வொரு முறையும் இடுவதற்கு முன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பார்மலின் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும். ஆதலால் காலையில் இட்டு, காற்றுக் கருவியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மின்சாரம் தடைப்படும் நாளில் இடவே வேண்டாம். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டியிருந்தால் அது மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்தப் புட்டியைத் தொடாதீர்கள். இடுபவருக்கும் இது நல்லதல்ல. நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடியது. கையுறை அணிந்து, காற்று வரும் திசையில் நின்று ஊற்றுங்கள். உப்பையும் பார்மலினையும் ஒரே சமயத்தில் கலக்க வேண்டாம். சிலர் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடுகிறார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது.

மாலகைட் பச்சையும் வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது மனித உடலுக்குக் கேடு என்பதால் உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. வண்ண மீன் தொட்டியின் பக்கத்திலேயே கெண்டைக் குளமும் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராமலிருப்பது உத்தமம்.

கண்ணாடித் தொட்டியானால் ஹீட்டர் வைத்து மணிக்கு ஒரு டிகிரிக்கு மேற்படாமல் 30 டிகிரிவரை சூடேற்றலாம். வெப்பத்தில் ஒட்டுண்ணி விரைவாக வெளியேறி மருந்துக்கு அகப்படும். 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் அது பெருகுவதும் இல்லை. தங்கமீனுக்கு இவ்வளவு சூடு ஆகாது. வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும்.

காலித் தொட்டிகள் உள்ளவர்களுக்கு மருந்தில்லா வழியும் ஒன்றுண்டு. ஒரு நாளைக்கு மேல் ஒரே தொட்டியில் விடாமல், ஏழு நாள் மீன்களைத் தொட்டி மாற்றிக்கொண்டே வாருங்கள். அடியில் இறங்கிய உறைகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். காலி செய்த தொட்டியை நன்றாக வெயிலில் காயவிட்ட பிறகே மீண்டும் நீர் நிரப்ப வேண்டும். மாற்ற முடியாதவர்கள் தினமும் குழாய் வைத்து அடித்தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றினாலும் பாதிப் பகை குறையும்.

இந்நோய் பெரும்பாலும் புதிதாக வாங்கிவரும் மீனோடுதான் வருகிறது. வாங்கிய பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புது மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து, பிறகு சேருங்கள். செடிகளுக்கும் இதே விதிதான். தொட்டிக்கொரு வலை வைத்துக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் ஒவ்வொரு முறையும் வலையை வெயிலில் உலர்த்துங்கள். மழை நாளில் கிணற்றுத் தண்ணீரை நேராகத் திறந்துவிட்டு மீனைத் திடீரென்று குளிரச் செய்யாமல், ஒரு நாள் தேக்கி வைத்து விடுங்கள். சிகிச்சையிலுள்ள மீனுக்கு இரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நோயிலிருந்து தப்பிய மீனை உடனே பையில் கட்டி விற்பனைக்கு அனுப்பாமல், புள்ளி ஏதுமின்றி இரண்டு வாரம் கழிந்த பின்னரே அனுப்புங்கள்.