ஒரு நாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தினசரிப் பழக்கங்களும் வாழ்க்கை முன்னேற்றமும்'. பத்து நிமிடம்தான், அதற்கு மேல் போனால் சுண்டல் ஆறிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி முதல் தேதி காலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது ஷூ, புது டீ-ஷர்ட். ஏ பிளாக் முனையில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் திரும்புவதே கஷ்டமாக இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் பாதிப் பேரைக் காணோம். மாசி பிறந்தபோது வழக்கமாக நடக்கிற நாலைந்து பெரியவர்களும் ஒரு பூனையும்தான் மிச்சம். நின்றுபோனவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: "நமக்கு மன உறுதி போதாது சார்."

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் நேரம் தவறாமல் வேலைக்குப் போனவர் நீங்கள். தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, தலைவாரி, ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்குள் கீழே இறக்கியவர் நீங்கள். உங்களுக்கு மன உறுதி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

நம்மைக் கெடுப்பது ஒரு தவறான கணக்கு. '21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாறிய தன் முகம் ஒருவருக்குப் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. முகம் பழகுவது எங்கே, விடியற்காலை எழுந்து நடப்பது எங்கே!

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதை முறையாகப் பார்த்தார்கள். 96 பேர். ஒவ்வொருவரும் தினம் ஒரு புதுச் செயலைத் தேர்ந்தெடுத்து, 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதுபோல ஒரே சந்தர்ப்பத்தோடு சேர்த்து, 84 நாள் செய்தார்கள். அது யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட்டபோது, நடுக்கணக்கு 66 நாள் வந்தது. ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஆகவே 22-ஆம் நாளும் படுக்கையை விட்டு எழுந்திருக்க உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால், உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. மறுநாள் செய்தார்கள், பழக்கம் வளர்ந்துகொண்டே போனது. வாரக்கணக்கில் விடுவதற்கும் இதைப் பொருத்தாதீர்கள். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு மழை நாள் வந்ததற்காக 'போச்சு, இனிமேல் அடுத்த ஜனவரிதான்' என்று ஷூவைப் பரணில் ஏற்றாதீர்கள்.

இது வெறும் சுய முன்னேற்றப் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு கணக்கு சொல்கிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். சும்மா விடப்பட்ட பிரிவில், மூன்று ஆண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு என்று மாறிய பிரிவில் அது 39 சதவீதம். மருந்து இல்லாமல் கிடைத்த வித்தியாசம் அது. இந்தக் கூடத்தில் 'பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

சரி, எப்படி மாற்றுவது? ஒரு வேடிக்கையான ஆய்வு உண்டு. 2011-ல் வெளியானது. டேவிட் நீல், வெண்டி வுட் முதலானோர் அமெரிக்காவில் ஒரு சினிமா தியேட்டரில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரம் பழசானதும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்னும் பழக்கம் ஊறியவர்கள், நமத்துப்போனதையும் புதுசுக்குச் சமமாகத் தின்று தீர்த்தார்கள். 'நல்லாவே இல்லை' என்று சொல்லிக்கொண்டேதான்! இருட்டும் திரையும் நாற்காலியும் கையை இயக்கின. வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னதும் பழசைக் குறைவாகவே தின்றார்கள்.

இரவு எட்டு மணிக்கு டிவி, சோபா, மிக்சர் டப்பா. உங்கள் வீட்டிலும் உண்டா? டப்பாவைச் சமையலறை மேல்தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எழுந்து போய், ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டும் என்றால், பசிக்கிறதா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். போனைத் தலையணைக்கடியில் வைக்காமல் ஹாலில் சார்ஜ் போடுவதும் இதே வேலைதான். எழுப்ப அலாரம் வேண்டுமே என்பீர்கள். ஒரு சின்ன கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குவதற்கும் இதே வழி. 'நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்' என்றால் அது நடக்காது, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள். காலையில் டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில் புத்தகத்தில் ஐந்து பக்கம். வருடத்துக்கு 1825 பக்கம் ஆகிறது, 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். நம் வளாகத்தில் காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறார்களே, அந்தச் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டுங்கள். முதல் மாதம் வளாகத்தை ஒரே ஒரு சுற்று போதும். பத்தாயிரம் அடி எண்ணும் ஆப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை குரூப்பில் போட்டுப் போட்டிபோடுவது, என்னைக் கேட்டால், தோற்றவரை வீட்டுக்குள் அனுப்புகிற வேலை.

ஓய்வுபெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆபீஸ் போனபோது பஸ், பஞ்சிங், மதியச் சாப்பாடு, திரும்பும் வழியில் காய்கறி என்று நாளுக்கு ஒரு எலும்புக்கூடு இருந்தது. 58-லோ 60-லோ அது ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. பகல் தூக்கமும் சீரியலும் அந்த இடத்தில் தாமாக வந்து உட்காரும். பழைய சந்தர்ப்பங்கள் அறுந்த அந்த முதல் சில மாதம்தான் புதுசு படிவதற்கும் தோதான காலம். பென்ஷன் பேப்பர் வேலை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். வீட்டிலிருப்பவர்களும் 'இத்தனை வருஷம் உழைச்சாரே, தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். மாலையில் கீழே கூட்டி வாருங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. பெஞ்சமின் பிராங்க்ளின் தான் வளர்க்க விரும்பிய 13 குணங்களை ஒரு சிறு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, வாரம் ஒன்றில் கவனம் வைத்து, தவறிய நாளில் புள்ளி வைத்தார். அதில் ஒழுங்குமுறைதான் தனக்குக் கடைசிவரை சிரமமாக இருந்தது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாம் இன்னும் எளிதாகச் செய்வோம். ஒரு வீட்டுக்கு ஒரு தாள், மூன்று மாதத்துக்கு 90 கட்டம், ஒரே ஒரு பழக்கம். செய்த நாளில் ஒரு டிக். விட்ட நாளைக் காலியாக விடுங்கள், பெருக்கல் குறி போட வேண்டாம். பெயரும் பிளாட் நம்பரும் எழுத வேண்டாம், யாரும் சரிபார்க்கப்போவதில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு வரும்போது விருப்பமிருந்தால் எடுத்து வாருங்கள்.

தாள்கள் வாசலில் செயலாளர் மேஜையில், சுண்டலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின்பக்கம் காலிதான், பால் கணக்கு எழுதிக்கொள்ளலாம்.