ஈயம் தந்த மண்ணும் சூரிய மின்கலமும்



ஈப்போ என்றதும் பெரியவர்களின் நினைவுக்கு வருபவை ஈயலம்பமும் ரப்பர் தோட்டமும்தான். கிந்தா பள்ளத்தாக்கில் மணலை அலசி எடுத்த தாதுவின் வேதியியல் பெயர் டின் டையாக்சைடு. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தது; லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் அந்த டின் டையாக்சைடுக்கு இன்று புது வேலை கிடைத்திருக்கிறது.

கூரைகளில் நாம் காணும் சூரியத் தகடுகள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. சிலிக்கனை உருக்க 1,400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். பெரோவ்ஸ்கைட் என்பது வேறு வகை. திரவமாகப் பூசி, குறைந்த சூட்டில் உலர்த்தினாலே போதும். 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் இதைச் செய்தபோது, விழுந்த வெளிச்சத்தில் 3.8 விழுக்காடு மட்டுமே மின்சாரமானது. இன்று ஆய்வுக்கூடத்துச் சிறு மின்கலங்கள் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.

இந்த வளர்ச்சிக்கு முக்கியக் காரணம், அடுக்குகள் ஒட்டும் இடத்தைச் சீர்செய்ததுதான். பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டில் வழியும் பால் சிறு தகரத்தில் இறங்கி மங்கில் விழுகிறது. தகரத்துக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பால் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மின்கலத்திலும் அப்படியே. வெளிச்சம் பட்டதும் பெரோவ்ஸ்கைட்டில் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளும் மங்குதான் டின் டையாக்சைடு அடுக்கு. இரண்டும் சேரும் இடத்தில் குறைகள் இருந்தால் எலெக்ட்ரான்கள் அங்கேயே சிக்கி வீணாகின்றன. அந்த இடமே சீக்கிரம் கெடவும் செய்கிறது.

2021-இல் தென் கொரியாவின் உல்சான் ஆய்வாளர்கள் இரண்டுக்கும் நடுவே குளோரின் உதவியுடன் மெல்லிய இணைப்பு அடுக்கை உருவாக்கினர். 25.5 விழுக்காடு என்று சான்று கிடைத்தது. 500 மணி நேரம் தொடர் வெளிச்சத்தில் வைத்த பிறகும், திறனில் ஏறக்குறைய 90 விழுக்காடு எஞ்சியது.

மகிழ்ச்சிதான். ஆனால் 500 மணி என்பது 21 நாள்கூட இல்லை. கூரைத் தகடு 25 ஆண்டு உழைக்க வேண்டும். அதிலும் தைப்பிங் மழையையும் ஈப்போ வெயிலையும் தாங்க வேண்டும். ஈரம் பட்டால் பெரோவ்ஸ்கைட் சிதையும். அதில் நச்சுத்தன்மையுள்ள காரீயமும் உண்டு. தகடு உடைந்து மழைநீர் புகுந்தால் அது மண்ணில் கலக்கலாம்.

ஆகவே, புதிய தகடு என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், எத்தனை விழுக்காடு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சூரிய ஆற்றலுக்கென்றே ஆய்வுக் கழகம் இயங்குகிறது. தாத்தா அலசிய தாதுவைப் பேரப்பிள்ளை ஆராயட்டுமே!