மகளுக்குப் பதினெட்டு



இந்த மாதம் என் மகளுக்கு 18 வயது நிறைகிறது. ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கிற செய்யாரில், பட்டுத்தறியை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அவள் பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழை உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். என்னுடைய பிறந்தநாள் எனக்குத் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற ஜூன் மாதத் தேதி தலைமையாசிரியர் போட்டது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் எட்டினால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. பிறப்பு, இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1969-லேயே வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் தெருவில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளை யார் போய்ப் பதிந்தார்கள்? என் அம்மாவைக் கேட்டால், "தறியில மாம்பழக் கலர் பாவு ஓடிக்கிட்டிருந்தது. அந்தச் சேலைய அறுத்துக் குடுத்த மறுநாள் நீ பொறந்த" என்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு பிள்ளைகளின் பிறப்பையும் தறியில் ஓடிய நிறங்களை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார்.

அப்படி ஒரு வீட்டில் பிள்ளை வளர்வதை ஆண்டுக் கணக்கில் யாரும் பார்ப்பதில்லை, கைக்கு என்ன வேலை வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். விரல் படிந்ததும் தார் சுற்ற வேண்டும். அதாவது பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற சின்னக் குழலில் ஊடை நூலைச் சுற்றுவது. கொஞ்சம் வளர்ந்ததும் அறுந்த இழையைப் பிணைக்கப் பழக வேண்டும். கோர்வைக் கரை போட்ட சேலை என்றால் உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் வேகமாக ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் குழந்தையாகவே இருந்தது. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, கால் மிதிக்கு எட்டிவிட்டால் அந்தப் பிள்ளை பெரிய ஆள்.

இது ஏதோ பழங்காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2003 ஜனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்கிற சர்வதேச அமைப்பு வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக வேலை செய்த குழந்தைகளைப் பற்றிப் பேசியது. அவர்களில் பெண் பிள்ளைகளும் உண்டு. கடன் அப்பா பெயரில், உழைப்பு மகளுடையது. அந்தப் பிள்ளைகளுக்கு யார் பிறந்தநாள் கொண்டாடியிருப்பார்கள்?

பெண் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரே ஒரு விழாதான் உண்டு, மஞ்சள் நீராட்டு. அதில் அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாய்மாமன் கடன் வாங்கியாவது சீர்வரிசை கொண்டுவருவார். அத்தைமார்கள் புட்டும் உளுந்தங்களியும் செய்து கொடுப்பார்கள். என் தாய்மாமன் கொண்டுவந்த அரக்குப் பாவாடையின் நிறம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆனால் அந்த விழா ஊருக்கு என்ன சொல்கிறது? இந்த வீட்டில் ஒரு பெண் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்கிறது. இப்போது தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் வைத்து, பிள்ளையின் படத்தையும் பெரிதாகப் போட்டு, அதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கேட்டாள்: "அம்மா, இத எதுக்கு எல்லாருக்கும் சொல்லணும்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. பேனர் வேண்டாம், மண்டபம் வேண்டாம் என்று வீட்டோடு முடித்தோம். என் மாமியாருக்கு வருத்தம்தான்.

பிறந்தநாள் அப்படியில்லை. அது ஆண்டுதோறும் வருகிறது. அவள் எதற்கும் தயாராகவில்லை, யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. இருக்கிறாள் என்பதற்காக மட்டுமே கொண்டாடுகிற நாள் அது. அவளுடைய நட்சத்திரம் வரும் நாளில் காலையில் மாமியார் திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்வார். சம்பந்தர் பாடி ஆண்பனைகளைக் குலை ஈன வைத்த தலம் என்று சொல்வார்களே, அந்தக் கோயில்தான். ஆங்கிலத் தேதி வரும் நாளில் பேக்கரி கேக். ஆகவே எங்கள் வீட்டில் அவளுக்கு ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள்.

இந்த இரட்டைப் பிறந்தநாள் பெரிய வீடுகளிலும் இருந்திருக்கிறது. இந்திரா காந்தி பிறந்தது 1917 நவம்பர் 19. ஆனால் 1930 அக்டோபர் 26 அன்றே, இந்து நாட்காட்டிப்படி வந்த அவருடைய பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு, நேரு நைனி சிறையில் இருந்து வாழ்த்துக் கடிதம் எழுதினார். சிறையில் இருக்கிற தகப்பனால் கடைக்குப் போய்ப் பரிசு வாங்க முடியாது. கடிதத்தையே பரிசாக்கினார். மகள் பிறந்த ஆண்டு ரஷ்யப் புரட்சி நடந்த ஆண்டு என்பதையும் அதில் நினைவுபடுத்தினார். அன்று தொடங்கிய கடிதங்கள் 1933 வரை நீண்டு, உலக வரலாறு சொல்லும் பெரிய புத்தகமாயின. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் அடக்கம், ஒடுக்கம் என்று பேசாமல் உலகத்தைப் பற்றிப் பேசலாம் என்று அந்தத் தகப்பனுக்குத் தோன்றியது பெரிய விஷயம். அதே 1930 ஏப்ரலில்தான் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்க அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

பிள்ளை வளர்வதை நம் இலக்கியம் எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள். பிள்ளைத்தமிழ் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதையும், கை தட்டுவதையும், முத்தம் தருவதையும், நிலாவைக் கூப்பிடுவதையும் மாதக் கணக்கில் ரசிக்கிறது. உலாவுக்கு வந்தால் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம். ஏழிலும் பெண்ணுக்கு ஒரே வேலை, வீதியில் வருகிற தலைவனைப் பார்த்து மயங்குவது. நாற்பதோடு பருவமும் முடிந்துவிடுகிறது. தமிழின் அழகில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் மகளை வளர்த்த ஒரு தாயாகச் சொல்கிறேன், அவள் வளர்ந்ததை நான் வேறு இடங்களில் பார்த்தேன். கூலிச் சீட்டை அப்பாவிடமிருந்து வாங்கி, கழித்த தொகை எதற்கு என்று கேட்ட அன்று வளர்ந்தாள். வங்கியில் என் கையெழுத்துக்கு முன்னால் தாளை முழுக்கப் படித்துவிட்டு, "இப்ப போடும்மா" என்று சொன்ன அன்று வளர்ந்தாள். அவளுக்குத் தறியும் தெரியும், நூல் தொட்டால் முறுக்குச் சொல்வாள். ஆனால் பள்ளி விட்டு வந்த பிறகு, ஆசைப்பட்டு, அப்பாவிடம் கற்றுக்கொண்டது அது.

இப்போது அவள் சேலத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். அங்கே 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நெசவையும் சாயத்தையும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் இங்கேயே அறிஞர் அண்ணா கல்லூரி. எங்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. தூரம், விடுதிச் செலவு எல்லாம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது அதை இல்லை. "பதினெட்டு ஆகுதே, பையன் பாக்கலியா?" என்கிறார்கள்.

இதைத்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்தேன். 18 வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்றது சட்டம். அதை நம் ஊர், 18 ஆனதும் முடித்துவிடு என்று கேட்டுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் விடிவதற்கு முன் சிப்காட் தொழிற்பேட்டைப் பேருந்துக்கு நிற்கிற பெண்களைப் பார்க்கிறேன். காலணித் தொழிற்சாலையில் வேலை. உழைத்து வீட்டைத் தாங்குகிற பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் நகைச் சீட்டாகி, அந்த நகை கல்யாணமாகி முடிந்துவிடுகிறபோது மனம் கனக்கிறது.

அரசாங்கமே இதில் ஒரு பாடம் படித்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திட்டம் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் தந்தது. 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால் எத்தனையோ பெண்கள் பள்ளியில் நீடித்தார்கள், அது உண்மை. ஆனாலும் பணம் கைக்கு வரக் கல்யாணம் நடக்க வேண்டும். 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். இந்திய அளவில் இது 23.3 சதவீதம். நாம் பரவாயில்லைதான். ஆனால் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது எந்தத் தெருவுக்கும் சின்னக் கணக்கில்லை.

அதனால் நேயர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளையின் பிறந்தநாளை விடாமல் கொண்டாடுங்கள். வசதி இல்லையென்றால் ஒரு டம்ளர் பாயசம் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 18 ஆனால், பையன் பார்த்தாச்சா என்று கேட்காமல், என்ன படிக்கப் போகிறாய் என்று அவளிடமே கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அவளை அழைத்துப் போங்கள். 18 நிறையாத பிள்ளைக்கு எங்கேயாவது கல்யாண ஏற்பாடு நடந்தால் 1098 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, இரவிலும் பகலிலும் எடுப்பார்கள்.