பூனைகளோடு ஒரு கோடைப் பயணம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்கப் பயணம் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குப் பணித்தார். நயாகரா அருவியையும் நியூயார்க் நகரத்து மாடங்களையும் பற்றி இம்மேடையில் முன்னரே பலர் பேசிவிட்டனர். ஆகவே நான் இரண்டு பூனைகளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். சிரிக்கிறீர்கள். பூனை குறுக்கே போனால் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் மரபில் வந்தவர்கள் நாம். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்ததாகப் பழமொழியும் வைத்திருக்கிறோம். அப்பழமொழியை 2024 ஆம் ஆண்டுக் கோடையில் அரிசோனா மாநிலத்து நெடுஞ்சாலையில் நான் நடத்தியே காட்டினேன். ஆனால் அது முதல் இரண்டு மைல் வரைதான். "அப்பா, ஓடும் வண்டியில் பூனை கூண்டுக்குள் இருக்க வேண்டும்" என்று என் மகள் கடிந்துகொண்டு, அதை வாங்கிக் கூண்டில் விட்டுவிட்டாள்.

என் மகள் வாழ்வது பீனிக்ஸ் நகரில். தில்லி வெயிலில் நாற்பதாண்டு காய்ந்தவன் நான்; என்னை எந்த வெயில் என்ன செய்துவிடும் என்ற செருக்கோடுதான் போய் இறங்கினேன். அந்நகரில் 2023 ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட் டிகிரிக்குக் குறையாமல் இருந்தது. நான் போயிருந்த 2024 ஆம் ஆண்டிலோ, தொடர்ந்து 113 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. நள்ளிரவிலும் சுவர் சுடும். வீட்டின் குளிர்சாதனம் ஒருநாள் நின்றுவிட்டால், அதனைப் பழுது என்று யாரும் சொல்வதில்லை; ஆபத்து என்றே சொல்கிறார்கள். ஜூலை மாதத்தில் மகள் வீட்டில் அது நின்றது. செப்பனிட ஒரு வாரம் ஆகும் என்றனர்.

அங்குள்ளோர் இத்தகைய நாட்களில் மலைக்குப் போய்விடுகின்றனர். வெள்ளையர் ஆட்சி 1864 முதல் கோடைதோறும் தலைநகரையே சிம்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போனது நாம் அறிந்ததே. பீனிக்ஸ்காரர்களுக்குச் சிம்லா, பிளாக்ஸ்டாப் என்னும் ஊர். பீனிக்ஸ் ஏறத்தாழ 1,100 அடி உயரத்திலும், பிளாக்ஸ்டாப் 6,900 அடி உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை சென்டிகிரேட் டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, 145 மைல் போவதற்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடும்.

நாங்கள் போனது விடுதிக்கு அன்று. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளடங்கிய மோட்டார் வீடு ஒன்றில் போனோம். ஆர்.வி. என்று அங்கே சுருக்கமாகச் சொல்வர். காரணம் அந்தப் பூனைகளே. மூத்தது கறுப்பி, பதினான்கு வயதுக் கிழவி, சிறுநீரகம் தளர்ந்தது. இளையது முத்து, இரண்டு வயதுப் போக்கிரி. கறுப்பியைக் காப்பகத்தில் விட்டால் அது உண்ணாது என்பதை மகள் முன்னரே கண்டிருந்தாள்.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960 ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியொன்றில், சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962 இல் அதனை நூலாக்கினார். நாய்க்குத் தலைவன் இருக்குமிடமே வீடு. பூனையின் பற்று பெரிதும் இடத்தின்மீதே. ஆகவே பூனையோடு போகிறவன் அதன் இடத்தையும் உடன் கொண்டுபோக வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியை வாயிலில் நிறுத்தி, மணல் தட்டையும் பழைய கம்பளத்தையும் அதற்குள் வைத்து, உணவை அங்கேயே கொடுத்துப் பழக்கியிருந்தாள் மகள். அவ்வண்டியின் பக்கச் சுவர் ஒன்று இழுப்பறை போல வெளியே நீளும். மீண்டும் உள்ளே வரும். அது நகரும்போது இடுக்கில் பூனை புகுந்திருந்தால் நசுங்கிவிடும். எனவே விசையைத் தொடுமுன் இரண்டு பூனைகளும் கண்ணில் பட்டாக வேண்டும் என்பது வண்டியின் முதற் சட்டம். அதனை என் பேரன் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தான்.

நடுவழியில், வெர்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு முகாமில் நண்பகலில் தங்கினோம். ஏற்றத்தில் என்ஜின் மிகவும் சூடேறியதால் அதனை ஆற விடுவது தேவையாயிற்று. உயரம் ஏறத்தாழ 3,100 அடி. அன்று நிழலிலேயே 41 டிகிரி. முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரப் பெட்டி உண்டு. எங்களுடையது 30 ஆம்பியர். கூரைமேலுள்ள குளிர்சாதனத்தை ஓடவிட்டு, பூனைகளை உள்ளே வைத்துப் பூட்டி, ஆற்றங்கரைக்கு நடக்கலாம் என்று மகள் சொன்னாள்.

அன்பர்களே, இனிச் சொல்வது எனக்குப் பெருமை தருவது அன்று. நான் மின்பொறியாளன், முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தொழிலில் சோறு தின்றவன். திரும்பி வரும்போது தயிர்ச்சோறு ஆயத்தமாக இருக்கட்டும் என்று, எல்லோரும் இறங்கிய பிறகு மின் குக்கரில் அரிசியை ஏற்றிவிட்டு வந்தேன். மனத்துக்குள் கணக்கும் போட்டேன்: 30 ஆம்பியர், 230 வோல்ட், ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் வாட், ஏராளம். ஆனால் அந்நாட்டில் அந்தப் பெட்டி தருவது 120 வோல்ட். ஆகவே கிடைப்பது 3,600 வாட்டுதான். குளிர்சாதனம் 1,700, வெந்நீர்க் கொதிகலன் 1,400, என் குக்கர் 1,000. கூட்டினால் 4,100. அளவு சிறிதே மீறும்போது பாதுகாப்பு விசை உடனே விழாது. சூடேறிச் சில நிமிடம் கழித்தே விழும். நான் கதவைப் பூட்டியபோது குளிர்சாதனம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆற்றை அடையுமுன் அது நின்றிருக்கும்.

மூடிய வண்டி வெயிலில் சூடேறும் விரைவை 2005 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரி 40 பாரன்ஹீட் டிகிரி ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. அவர்கள் அளந்தது ஒரு கார். எங்கள் வண்டி பெரிது, மரநிழலும் சற்று இருந்தது. அதனால்தான் முக்கால் மணி கழித்து நாங்கள் திரும்பியபோது அவ்விரண்டும் உயிரோடு இருந்தன.

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. முத்து குளியலறைத் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கறுப்பி வாயைத் திறந்து, நாய் போல் இரைத்துக்கொண்டிருந்தது. நாய் இரைப்பது இயல்பு. பூனை வாய் திறந்து இரைத்தால் அஃது அபாயக் குறி. பூனைக்கு வியர்ப்பதும் பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே. பாலைநிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்ததாயினும், வெயில் வேளையில் நிழலுக்குள் ஒதுங்கத் தெரிந்ததே அதன் காப்பு. பூட்டிய வண்டியில் ஒதுங்க இடம் ஏது?

மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கறுப்பியை வெளியே நிழலுக்குத் தூக்கி வந்து, தண்ணீரால் உடலை நனைத்து, கைவிசிறியால் வீசினாள். நான் பதற்றத்தில் பனிக்கட்டியை எடுத்து ஓடினேன். "பனிக்கட்டி வேண்டாம் தாத்தா; மேல்தோலின் குழாய்கள் சுருங்கி உள்வெப்பம் வெளியேறாது" என்று பேரன் தடுத்தான். கால்நடை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தபோது அதன் வெப்பம் 40.3 டிகிரி. 39 வரை இயல்பு. இரவு முழுவதும் ஊசி வழியே நீர்மம் ஏற்றினர். சிறுநீரகம் தாங்குமா என்பது காலையில்தான் தெரியும் என்றனர்.

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. நள்ளிரவில் மகள், "அப்பா, இங்கே 120 வோல்ட்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் என்னைத் தண்டிக்க இயலாது.

கறுப்பி பிழைத்தது. மறுநாள் மாலை பிளாக்ஸ்டாப்பை அடைந்து, கோகோனினோ காட்டில் தங்கினோம். 14 நாள்வரை கட்டணமின்றித் தங்க இடமளிக்கும் தேசியக் காடு அது. எங்கும் பாண்டரோசா பைன் மரங்கள். வெயிலேறிய பட்டையை முகர்ந்தால் வெனிலா மணம். பகலில் 27 டிகிரி, இரவில் கம்பளி வேண்டும். பிற்பகல்தோறும் இடியோடு மழை. அவர்களும் அதனைப் பருவமழை என்றே அழைக்கின்றனர். அவ்வுயரத்தில் காற்று மெலிவு. ஆயிரம் அடிக்கு நூற்றில் மூன்று பங்குக்குச் சற்று மேலாக ஜெனரேட்டரின் ஆற்றல் குறைந்துவிடும். ஆனால் அங்கே குளிர்சாதனத்துக்கு வேலையே இல்லை. சன்னல் வலைக்குப் பின்னே அமர்ந்து கறுப்பி அணில்களை எண்ணிக்கொண்டிருந்தது. முத்துவை மார்வாரும் கயிறும் பூட்டிப் பேரன் உலாவ விட்டான். கயோட் என்னும் ஓநாய் இனமும் பெரும் ஆந்தைகளும் உள்ள காடாதலால், பொழுது சாயுமுன் உள்ளே அழைத்துவிடுவான்.

கேரள அரசு 2021 இல் இத்தகைய வண்டிச் சுற்றுலாவுக்கென ஒரு திட்டம் வகுத்தது. நம் சங்கத்து இளைஞர் சிலர் வாடகைக்கு வண்டி எடுத்து மலைக்குப் போக எண்ணியிருப்பதாக அறிகிறேன். வீட்டு விலங்கையும் அழைத்துப் போவதாயின், உள்வெப்பத்தைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசிக்குச் சைகை கிடைக்காத காட்டில் அதுவும் ஊமைதான். அங்கே வண்டியில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். எங்கள் வண்டியில் அந்த ஒருவன் நானாக இருந்தேன். மற்றவர்கள் மலையேறப் போன நாட்களில் கறுப்பியும் நானும் ஒரே சன்னலருகே அமர்ந்திருந்தோம். மூன்றாம் நாள் அது தானாக வந்து என் மடியில் படுத்தது.

சென்ற வாரம் மகள் தொலைபேசியில் பேசினாள். கறுப்பி நலம். கோடைப் பயணத்துக்கு வண்டி ஆயத்தமாகிறதாம். குக்கரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களாம்.