மைதானத்திலே சம்பளம்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டும் வேதனமும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தை பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். இதனை வெறும் தத்துவமாக ஆராய்வதிலும் பார்க்க, இக்கேள்வி இன்று உரைகல்லில் வைத்து உரைக்கப்படும் ஒரு நாட்டை எடுத்துக் காட்டுதல் நலமென எண்ணினோம். அந்நாடு அமெரிக்கா. அங்கே சர்வகலாசாலை உதைபந்தாட்டத்தில் நூறாண்டுகளாக நிகழாத மாற்றம் சென்ற சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்துவிட்டது.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டமன்று. இருமுனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அவ்வாட்டம், நம்மவர் அறிந்த றகர் ஆட்டத்துக்கு உறவானது. றட்கேர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் 1869 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் திகதி மோதியதையே இதன் தொடக்கமாகக் கூறுவர். 1905 இல் இளைஞர் பலர் ஆட்டத்திலே உயிரிழந்தமையால், சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். அதன் பயனாக 1906 இல் கல்லூரிகள் பல சேர்ந்த விளையாட்டுச் சங்கமொன்று பிறந்தது.

அச்சங்கம் உயிராகக் காத்த கொள்கை ஒன்று உண்டு. மாணாக்கன் கல்லூரிக்காக ஆடவேண்டும், கூலிக்காக ஆடலாகாது என்பதே அது. இக்கொள்கை இங்கிலாந்தின் கல்விக்கூடங்களிலிருந்து சென்றது. மிஷன் பாடசாலைகளிலே கற்ற எமக்கும் இது புதியதன்று. அதே ஊற்றிலிருந்தே அது நமது மைதானங்களுக்கும் வந்தது. கல்லூரியின் பெயருக்காக ஆடு, தோல்வியிலும் முகம் வாடாதே என்று எமக்குப் போதித்தார்கள். அது நல்ல போதனையே. ஆயினும் எமது ஆட்டத்தைக் காட்டி ஒருவரும் கோடி கோடியாகப் பணம் திரட்டவில்லை. இவ்வேற்றுமையை நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

அமெரிக்காவிலோ பணம் வெள்ளமாகப் பெருகிற்று. மிச்சிகன் சர்வகலாசாலை மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். 1984 இல் உயர்நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமையைச் சங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்ததும், கல்லூரிகள் தத்தம் ஆட்டங்களை விலைபேசத் தொடங்கின. பயிற்றாளர்களின் சம்பளம் வானளாவியது. 2023 இல் டெக்சாஸ் ஏ அன்ட் எம் சர்வகலாசாலை ஒரு பயிற்றாளரை நீக்கியபோது, மீதி ஒப்பந்தக் காலத்துக்காக அவருக்குக் கொடுக்கவேண்டிய தொகை ஏறக்குறைய 7 கோடி 60 இலட்சம் டொலர்! எலும்பு முறிய ஆடிய இளைஞனுக்குக் கிடைத்ததோ படிப்புச் செலவும் ஊணும் உறைவிடமுமே.

'மாணவ வீரன்' என்னும் அழகிய தொடரும் 1950 களில் ஒரு நோக்கத்தோடு வழக்கில் விடப்பட்டது. ஆட்டத்தில் காயமுற்றோர் தம்மைத் தொழிலாளராகக் கொண்டு நட்டஈடு கேட்டலாகாது என்பதே அந்நோக்கம். அக்காலத்தில் சங்கத்தை நடத்திய வால்டர் பயேர்ஸ் என்பவரே 1995 இல் வெளியிட்ட நூலிலே தாம் கட்டிக் காத்த முறையைக் கண்டித்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பழமொழி. கலாசாலையைத் தாய் என்று போற்றலாம். அதற்காகப் பிள்ளையின் வயிற்றை மறந்துவிடலாமா?

இறுதியில் நீதிமன்றங்களே வழி திறந்தன. கலிபோர்ணியா மாநிலம் 2019 இல் முதற் சட்டத்தை இயற்றியது. 2021 யூன் 21 ஆந் திகதி உயர்நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். மறுமாதம் 1 ஆந் திகதி முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து ஊதியம் பெறலாயினர். 2025 யூன் மாதத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்குச் சமரசத்தின்படி, முன்னாள் வீரருக்கும் அப்போது ஆடிக்கொண்டிருந்தோருக்கும் ஏறக்குறைய 280 கோடி டொலர் நிலுவையாகப் பத்தாண்டுகளிற் பங்கிடப்படும். அதுவுமன்றி, ஒவ்வொரு கலாசாலையும் முதலாண்டில் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை வீரருக்கு நேராகவே கொடுக்கவும் இடமளிக்கப்பட்டது.

இனி, கல்லூரி மாறுதல். முன்னெல்லாம் வேறு கலாசாலைக்குப் போகும் வீரன் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும். பயிற்றாளரோ இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று தடையின்றிச் செல்வர். 2018 ஒக்டோபரிலே, மாற விரும்புவோர் தம் பெயரைப் பதியும் பொதுப்பதிவு ஏற்பட்டது. 2021 இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றும், 2024 இல் படிப்புத் தகுதி குன்றாதிருப்பின் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. இந்தியானா சர்வகலாசாலை பெரிய அணிகளுக்குள் மிகுந்த தோல்விகளைச் சுமந்த ஒன்று. 2023 இல் மூன்று ஆட்டமே வென்றது. புதிய பயிற்றாளர் வந்தார். தம் பழைய கலாசாலையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மாறிவந்த வீரரைத் திரட்டினார். கலிபோர்ணியாவிலிருந்து மாறிவந்த பெர்னாண்டோ மென்டோசா 2025 இன் தலைசிறந்த வீரருக்குரிய பரிசைப் பெற்றார். அந்த அணி ஓராட்டமும் தோலாது, 2026 சனவரியிலே தேசிய வெற்றி வாகையைச் சூடியது. பழைய விதியின்கீழ் இத்தகைய எழுச்சி எளிதன்று.

தீமையும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. சிறிய கலாசாலை ஒன்று இரண்டாண்டு வளர்த்தெடுத்த இளைஞனைப் பெரிய கலாசாலை ஒரே நாளிற் கொண்டுபோகிறது. நாற்றங்கால் ஓரிடம், அறுவடை வேறிடம். பதிவிலே பெயரைக் கொடுத்துவிட்டு, போகும் இடமும் கிடையாமல், இருந்த உபகாரச் சம்பளத்தையும் இழந்து நிற்போர் உளர். இவர்களைப் பத்திரிகைகள் பாடுவதில்லை. கலாசாலை மாறுந்தோறும் கற்ற பாடங்கள் யாவும் புதிய இடத்தில் ஏற்கப்படுவதுமில்லை. ஆதலால் பட்டம் தள்ளிப் போகிறது. உதைபந்தாட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதனால் நீச்சல், ஓட்டம் முதலிய ஆட்டங்களும், மகளிர் ஆட்டங்களும் மெலியுமோ என்ற அச்சமும் எழுந்திருக்கிறது.

இவற்றைக் கண்டு, 'இக்கால இளைஞரிடம் விசுவாசம் இல்லை' என்பார் பலர். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இத்தீர்ப்பை நாம் ஏற்கமாட்டோம். 1915 இல் தோன்றிய பசிபிக் கரைக் கலாசாலைக் கூட்டு 2024 இல் என்ன ஆயிற்று? பன்னிரண்டில் பத்து உறுப்புகள் வேறு கூட்டுகளுக்குப் போயின. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்ட் சர்வகலாசாலை அத்திலாந்திக் கரைக் கூட்டிலே சேர்ந்துகொண்டது! தொலைக்காட்சிப் பணமே அதற்குப் பெருங்காரணம். கலாசாலை மாறினால் தூரதிருட்டி, மாணவன் மாறினால் துரோகம் என்பது என்ன நியாயம்? பிள்ளைகள் பெரியோரின் சொல்லைப் பார்த்து அல்ல, செயலைப் பார்த்தே கற்கின்றார்கள்.

ஆகவே எமது துணிபு இது: உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தது குற்றமன்று, அதனை நெடுங்காலம் மறுத்துவிட்டு, ஒழுங்கான ஏற்பாடு எதுவுமின்றி ஒரே நாளில் மதகைத் திறந்ததே குற்றம். இன்று வேண்டுவது ஒப்பந்தம். இருதிறத்தாரும் கைச்சாத்திட்டு, இருதிறத்தாரையும் கட்டுவதாக அது அமையவேண்டும். வீரர் தாமே ஒன்றுகூடித் தம் பிரதிநிதிகள் மூலம் பேசும் உரிமை வேண்டும். 2014 இல் நோர்த்வெஸ்டேர்ண் வீரர் தொழிற்சங்கம் கோரினர். தொழிலாளர் சபை மறு ஆண்டில் அதனை விசாரிக்க மறுத்தது. அக்கதவைத் திறவாதவரை, விதிகள் நீதிமன்றங்களிலேதான் பிறக்கும். மைதானத்தில் அமைதி பிறவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடி முடித்த பின்னும், காயமுற்ற பின்னும், பட்டம் பெறும்வரை படிப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். கல்லூரியில் ஆடுவோருள் மிகச் சிலரே பின்னர் தொழில்முறை அணிகளிற் சேர்கின்றனர். ஏனையோருக்கு எஞ்சுவது அப்பட்டமே.

இளைஞராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. போகும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தன்னையே கேட்கும் பக்குவத்தை எந்த நீதிமன்றமும் எமக்கு வழங்காது. விசுவாசத்தை விலங்காக மாட்டினால் அது அடிமைத்தனம். தானாக விரும்பி நின்றால் அதுவே குணம். இருப்பவனை மதிக்கும் கலாசாலையும், மதிப்பறிந்து இருக்கும் மாணாக்கனும் எங்கே சேர்கின்றார்களோ, அங்கே சம்பளம் விளையாட்டைக் கெடுத்துவிடாது என்பது எமது நம்பிக்கை.