அடுப்புப் புகையும் பிள்ளையின் படிப்பும்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்தப் பிள்ளையின் காம்பராவில் விறகடுப்பு எரிகிறது என்பது, காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் சட்டை வாசத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். சில பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றைச் சொன்னால் மறுநிமிடம் மறந்திருப்பார்கள். "கவனம் எங்கே?" என்று அதட்டியிருக்கிறோம். மக்கு என்றும் சொல்லியிருக்கிறோம். அது எங்கள் பிழை.

புகையிலுள்ள நுண்துகள், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். மூக்கு அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போகும். அதிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலந்து மூளைவரை போகக்கூடும்.

ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 39 பாடசாலைகளில் 2,700க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு வருடம் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள். கேட்டதை மனதில் வைத்து வேலை செய்யும் திறன், காற்று சுத்தமான பாடசாலைகளில் 11.5 வீதம் வளர்ந்தது. புகை கூடிய பாடசாலைகளில் 7.4 வீதம்தான்.

அது வாகனப் புகை, நம்முடையது விறகுப் புகை என்பீர்கள். சரிதான். ஆனால் குவாதமாலா நாட்டில், விறகுப் புகையைக் கூடுதலாகச் சுவாசித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகள் ஆறேழு வயதில் சில சோதனைகளில் பின்தங்கினார்கள். சிறிய ஆய்வுதான். பசியும் இரத்தச்சோகையும்கூட கவனத்தைக் கெடுக்கும். எல்லாப் பழியையும் புகைமேல் போட மாட்டோம்.

தாய்மாரையும் குறை சொல்ல மாட்டோம். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவள் என்ன செய்வாள்? வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் சமையலும் படிப்பும் படுக்கையும் ஒன்றாகத்தான். 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது, கேஸ் வாங்கியவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள்.

முடிந்ததைச் செய்வோம். ஈர விறகு வேண்டாம். சொப்பிங் பேக்கைக் கொளுத்தி அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். அடுப்பெரியும்போது பிள்ளை இஸ்தோப்பில் இருந்து படிக்கட்டும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆம்பிளைகள் அடுப்பூதினால் குறைந்துபோக மாட்டார்கள். அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், நல்லதுதான். ஆனால் புகை வெளியே போக வழி வேண்டுமே.

அந்த வழியைத் தோட்ட நிர்வாகம்தான் செய்து தரவேண்டும். லயத் திருத்த வேலைக்குக் கூரைத் தகரம் கேட்கிறோம். புகைபோக்கியை இதுவரை எழுதிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டக் கமிட்டித் தலைவர் கொப்பியோடு லயம் லயமாக வருவார். உங்கள் காம்பராவில் புகைபோக்கி இருக்கிறதா, அடைத்துக் கிடக்கிறதா, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லி எழுதுவியுங்கள்.